விஸ்லரில் இன்று பனி எப்படி? காலை அறிக்கையைப் படித்து முடிவெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் விஸ்லர், பிளாக்கோம் என்ற இரட்டைப் பனிச்சறுக்கு மலைகளுக்கு முதன்முறை போகிறவர்கள் காலையில் கைப்பேசியைத் திறந்ததும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: நேற்றிரவு எத்தனை சென்டிமீட்டர் புதுப்பனி? அறிக்கையிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் அந்த எண் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கானது. பச்சைத் தடத்தில் (சரிவு குறைந்த, எளிய தடம்) இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு 25 செ.மீ. புதுப்பனி என்பது தொல்லை. ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குக் கட்டை) புதையும், திரும்பாது, விழுந்தால் எழுவதற்கே மூச்சு வாங்கும், பத்து நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கும்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை வேறு: உறைநிலை உயரம், காற்று, எந்த லிஃப்ட் (மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட நாற்காலி) ஓடுகிறது, எந்தத் தடத்தில் இரவு பனியைச் சமன் செய்யும் இயந்திரம் ஓடியது. புதுப்பனி எண் கடைசி. கீழே உள்ளது அந்த வரிசைதான். டிக்கெட், சாலை, காப்பீடு ஆகியவற்றில் பணம் எங்கே வீணாகும் என்பதும் உண்டு.

1. ஐந்து உயரங்களை மனப்பாடம் செய்யுங்கள்

மலை ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. வானிலையும் அதற்கேற்ப மாறும். விஸ்லர் கிராமம் கடல்மட்டத்திலிருந்து 675 மீட்டர். புதியவர்கள் பழகும் ஒலிம்பிக் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,020 மீட்டர். கோண்டோலா (கம்பிவடத்தில் ஓடும் மூடிய பெட்டி) போய்ச் சேரும் ரவுண்ட்ஹவுஸ் உணவகமும், எதிர் மலையான பிளாக்கோமில் உள்ள ரான்டேவூ உணவகமும் ஏறத்தாழ 1,850 மீட்டர். விஸ்லர் உச்சி லிஃப்ட் 2,182, பிளாக்கோமின் மிக உயரமான லிஃப்ட் 2,284.

பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் 6 முதல் 6.5 டிகிரி வரை குளிர் கூடும். கிராமத்தில் பிளஸ் 3 என்றால் உச்சியில் மைனஸ் 6 அல்லது 7 இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, கைப்பேசியில் தானாக வரும் வானிலையும் கனடா அரசின் வானிலைத் துறை 'விஸ்லர்' என்று தரும் முன்னறிவிப்பும் பள்ளத்தாக்குக்கானவை. அதில் மழைப் படம் இருப்பதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்துவிடுகிறார்கள். அதே நேரம் மேலே அருமையான பனி கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, தலைகீழ் வெப்பநிலை. ஜனவரியில் வானம் பல நாள் தெளிந்திருந்தால் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிடும். கிராமத்தில் மைனஸ் 6-உம் மூடுபனியுமாக இருக்க, மேலே வெயிலடித்து பிளஸ் 1 காட்டும். அன்று மேலே சொன்ன கணக்கு செல்லாது. மலை அறிக்கையில் கிராமம், நடுமலை, உச்சி என மூன்று இடத்து வெப்பநிலையும் இருக்கும். மூன்றையும் பாருங்கள்.

2. உறைநிலை உயரம்: எல்லாவற்றுக்கும் மேலான எண்

காற்றின் வெப்பநிலை பூஜ்யமாக இருக்கும் உயரம்தான் இது. அறிக்கையில் 'உறைநிலை 1,500 மீ.' என்று இருந்தால் அதற்கு மேலே பனி, கீழே மழை என்று நேராகக் கோடு போட முடியாது. விழும் பனி உருகச் சற்று நேரம் எடுப்பதால், பனி மழையாக மாறும் இடம் பெரும்பாலும் உறைநிலைக்கு 200 முதல் 300 மீட்டர் கீழே இருக்கும்.

இதைப் புதியவரின் கண்ணால் பார்த்தால் இப்படி வரும்:

உறைநிலை 700 மீட்டருக்குக் கீழே: கிராமம் வரை பனி. ஒலிம்பிக் ஸ்டேஷனில் பழக ஏற்ற நாள். சாலைதான் கவலை.

1,000 முதல் 1,300: கிராமத்தில் மழை அல்லது சேறும் பனியும் கலந்த கூழ். ஒலிம்பிக் ஸ்டேஷனில் ஈரப்பனி. உடை நனையும், சமாளிக்கலாம்.

1,500 முதல் 1,800: ஒலிம்பிக் ஸ்டேஷனிலேயே மழை. பச்சைத் தடத்தில் ஓரளவு இறங்கத் தெரிந்தவர்கள் ரவுண்ட்ஹவுஸ் வரை போய், எமரால்டு லிஃப்ட் பக்கத்துத் தடங்களில் இருந்துவிட்டு, திரும்பும்போது கோண்டோலாவிலேயே இறங்கலாம். முதல் நாள் ஸ்கீ மாட்டுகிறவர் அங்கே போகக் கூடாது. அவர் அன்று மழையில் நனைந்தே பழகுவார், அல்லது பயண நாளை மாற்றுவார்.

2,000-க்கு மேல்: பெரும்பாலான மலையில் மழை. ஹவாய் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று நேரே வந்து மோதும்போது, நடுக்குளிர்காலத்திலும் இது நடக்கும். அந்த நாளுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம்.

அந்த மழைக்குப் பிறகு என்ன வருகிறது என்பதுதான் இன்னும் முக்கியம். நனைந்த பனி மேல் திடீரென மைனஸ் 8 வந்தால் தடம் முழுக்கக் கல்லாக உறைந்துவிடும். 'வானம் தெளிந்துவிட்டது, போகலாம்' என்று கிளம்புகிறவர்கள் மணிக்கட்டை உடைத்துக்கொள்வது இத்தகைய நாளில்தான். மழைக்குப் பின் உறைநிலை இறங்கி, மேலே 10 செ.மீ.யாவது புதுப்பனி விழுந்து, இயந்திரமும் ஒரு முறை ஓடிய பிறகே புதியவருக்கு அந்த மலை ஆகும்.

புயல் நாட்களில் உறைநிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். 1,600-இல் தொடங்கி இரவில் 800-க்கு இறங்கினால் அடியில் கனத்த பனியும் மேலே இலகுவான பனியும் அமையும். ஸ்கீ நன்றாக மிதக்கும். மாறாக 600-இல் தொடங்கி 1,500-க்கு ஏறினால் இலகுவான பனி மேல் கனத்த பனி உட்கார்ந்திருக்கும். ஸ்கீயைச் சிக்கவைத்து முழங்காலைத் திருகும் பனி இது. இரண்டு நாளும் அறிக்கையில் அதே '20 செ.மீ.' என்றுதான் இருக்கும்.

3. பனி எண்களைக் கூட்டாதீர்கள்

இரவுப் பனி, 24 மணி, 48 மணி, 7 நாள் என்று நான்கு எண்கள் வரும். ஒன்றுக்குள் ஒன்று அடக்கம். இரவில் 8, 24 மணியில் 14 என்றால் மொத்தம் 14-தான், 22 அல்ல.

பருவத்தின் மொத்தப் பனிப்பொழிவும் தரையில் கிடக்கும் பனி ஆழமும் வேறு வேறு. மொத்தம் குறையவே குறையாது, ஏறிக்கொண்டே போகும். ஆழம் அமுங்கும், உருகும். விளம்பரங்கள் பெரிய எண்ணைக் காட்டும். உங்களுக்கு வேண்டியது சிறிய எண். நடுமலையில் ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டாத நாட்களில் புதர், பாறை, ஓடைப் பள்ளங்கள் முழுமையாக மூடியிருக்காது. தடத்தை விட்டு ஓரம் போக வேண்டாம்.

அளவு எடுப்பது விஸ்லர் மலையில், நடுமலைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 1,650 மீட்டரில். அங்கே அளவுகோல் நட்டு அதன்மேல் கேமராவும் வைத்திருக்கிறார்கள். அறிக்கை விடிகாலையில் எழுதப்படுவது. அதற்குப் பிறகு விழுந்தது அதில் இருக்காது. கேமராவில் கோலைப் பார்த்தால் இந்த நிமிட நிலவரம் தெரியும். படத்தின் மூலையில் உள்ள நேரத்தை முதலில் பாருங்கள். கேமரா உறைந்து நேற்றைய படமே நிற்பதுண்டு.

முன்னறிவிப்பில் 'மழையளவு 15 மி.மீ.' என்று வந்தால், தோராயமாக ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோர மலை என்பதால் இங்கே பனி கனம். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் அதைவிடக் குறைவாகவே தேறும்.

4. காற்றும் லிஃப்ட் பலகையும்

உச்சியில் காற்று மணிக்கு 50-60 கி.மீ.யைத் தாண்டினால் மேல் லிஃப்ட்கள் நிற்கும் வாய்ப்பு அதிகம். இதற்கு ஒரே எல்லைக் கோடு கிடையாது. திசையும் வீச்சும் லிஃப்டுக்கு லிஃப்ட் வேறுபடும். பீக், ஹார்மனி, செவன்த் ஹெவன் ஆகியவைதான் முதலில் பாதிக்கப்படுபவை.

'நான் எப்படியும் அங்கே போகப்போவதில்லையே' என்று புதியவர் நினைக்கலாம். மேலே நின்றுபோனால் அங்கே போக வேண்டிய கூட்டம் முழுவதும் நடுமலைக்கு வரும். நீங்கள் பழகும் தடத்தில் வேகமாக இறங்குபவர்களின் நெரிசல், லிஃப்ட் அடியில் நீண்ட வரிசை. அப்படிப்பட்ட நாளில் அடிவாரத்தை ஒட்டிய பழகுமிடமே நிம்மதி.

லிஃப்ட் பலகையில் 'திறப்பு', 'மூடல்' இரண்டுக்கும் இடையே 'காத்திருப்பு' என்றொரு நிலை உண்டு. பெரும் பனி விழுந்த காலையில் மேல் லிஃப்ட்கள் பனிச்சரிவுத் தடுப்புப் பணி முடியும் வரை காத்திருப்பிலேயே நிற்கும். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது அந்தப் பணிதான். பத்து மணிக்கும் திறக்கலாம், நண்பகலும் ஆகலாம், அன்று திறக்காமலே போகலாம்.

குளிரை வெப்பநிலையோடு மட்டும் கணிக்காதீர்கள். மைனஸ் 10-இல் 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரமே போதும். வடக்கிலிருந்து ஆர்க்டிக் காற்று பள்ளத்தாக்கு வழியே இறங்கும் வாரத்தில் குழந்தைகளை அரை மணிக்கு ஒரு முறை உள்ளே அழைத்துப்போய்க் கன்னத்தையும் மூக்கு நுனியையும் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

5. க்ரூமிங் பட்டியல்

புதியவரின் நாள் நன்றாக அமைவதும் கெடுவதும் இதில்தான். இரவில் இயந்திரங்கள் பனியை இழைத்துச் சமன் செய்த தடங்களின் பட்டியல் காலையில் வரும். வரைபடத்தில் பச்சை வட்டம் என்பது சரிவு குறைவு என்பதைத்தான் சொல்கிறது; பனி நிலையைச் சொல்லாது. சமன் செய்யாத பச்சைத் தடம் நேற்றைய கூட்டம் குவித்த மேடுகளோடு உறைந்து கிடந்தால், நன்கு இழைத்த நீலத் தடத்தைவிட (நடுத்தரச் சரிவு) அது கடினம். பட்டியலில் உள்ள பச்சைத் தடங்களை மட்டும் குறித்துக்கொண்டு அங்கேயே சுற்றுங்கள்.

இயந்திரம் போன பிறகு அதிகாலை மூன்று மணிக்குப் பனி கொட்டியிருந்தால், பட்டியலில் பெயர் இருக்கும். தடத்தின் மேல் 12 செ.மீ. கிடக்கும். இரவுப் பனி எண்ணையும் இந்தப் பட்டியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

அறிக்கையின் சொற்களுக்கும் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். 'பேக்டு பவுடர்' என்றால் அமுங்கிய நல்ல பனி. உங்களுக்கு இதுதான் வேண்டும். 'ஹார்ட் பேக்' என்றால் கெட்டி. காலையில் ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது. 'ஸ்பிரிங் கண்டிஷன்ஸ்' என்றால் காலையில் பனிக்கட்டி, மதியம் கூழ். 'வேரியபிள்' என்றால் மோசம் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

மார்ச் இறுதிக்குப் பின் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். இரவில் தெளிந்த வானம் இருந்தால் மேற்பரப்பு உறைந்திருக்கும். பத்து, பத்தரைக்கு முன் போவதில் பயனில்லை. வெயில் படும் தெற்குச் சரிவுகள் முதலில் இளகும். இரண்டு மணிக்கு மேல் கனத்த கூழில் கால் மாட்டும். இடையில் உள்ள மூன்றரை மணி நேரம்தான் உங்களுடையது.

6. எப்போது எதைப் பார்ப்பது

ஏழு நாள் முன்: புயல் வருமா, வெப்பமா குளிரா என்ற போக்கு மட்டும். சென்டிமீட்டர் கணக்கை நம்பாதீர்கள்.

மூன்று நாள் முன்: உறைநிலை உயரம். இப்போதுதான் எந்த நாள் போவது என்று முடிவு செய்து டிக்கெட் எடுக்கலாம்.

முந்தைய நாள் மாலை: உச்சிக் காற்று, சாலை நிலை. மாலை நான்கு மணிக்கு அவலாஞ்ச் கனடா என்ற பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையும் வந்துவிடும்.

காலை 6 மணி: பனி அறிக்கை, க்ரூமிங் பட்டியல், கேமராக்கள். 7 மணிக்கு ஒரு முறை சாலைக் கேமரா.

மலையில் ஏறிய பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை லிஃப்ட் நிலவரம். குளிரில் கைப்பேசி பேட்டரி சட்டென்று இறங்கும். டிக்கெட்டும் மலை நிர்வாகத்தின் மை எபிக் செயலிக்குள் இருந்தால் இரட்டைத் தலைவலி. உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

7. சாலை: நெடுஞ்சாலை 99

வான்கூவரிலிருந்து 120 கி.மீ., சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். வழியில் உள்ள ஸ்குவாமிஷ் ஊர் வரை கடல்மட்டம், பெரும்பாலும் மழைதான். அதைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் அரை மணிக்குள் பனிச்சாலை ஆகிவிடும். வான்கூவரில் சாலை காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாகாணத்தின் சாலை நிலவரத் தளமான டிரைவ்பிசியில் ஸ்குவாமிஷுக்கு வடக்கே உள்ள கேமராக்களைப் பாருங்கள்.

அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இந்தச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) குறியோ மலையும் பனித்துகளும் உள்ள குறியோ இருக்க வேண்டும். டயரின் பள்ளம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் அபராதம் 121 டாலர், திருப்பியும் அனுப்பலாம். வாடகைக் காரில் 'எம் பிளஸ் எஸ்' மட்டும் இருந்தால் சட்டப்படி சரி, ஆனால் உண்மையான பனியில் வழுக்கும். பனித்துகள் குறியுள்ள டயர் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது குனிந்து டயரையே பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பின்னும் ஞாயிறு மாலை மூன்றுக்குப் பின்னும் பயண நேரம் இரட்டிப்பாகலாம். ஓட்டத் தயக்கம் இருந்தால் பேருந்தில் போய்விடுங்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

8. செலவும் ஆவணமும்

ஒரு நாள் டிக்கெட்டை அன்று கவுண்டரில் வாங்குவதுதான் மிகப் பெரிய வீண். உச்ச நாட்களில் விலை 300 கனடிய டாலரைத் தாண்டுகிறது. டிசம்பர் தொடக்கம் வரை விற்கும் முன்கூட்டிய நாள் பாஸில் ஒரு நாளுக்கான விலை வெகுவாகக் குறையும். அதைத் தவறவிட்டால் கனடாவில் வசிப்பவர்களுக்கான எட்ஜ் கார்டு என்ற சலுகை அட்டை கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இணையத்தில் சில நாள் முன்பாவது வாங்குங்கள். காட்டும் விலைக்கு மேல் வரி உண்டு. மழை பெய்தது, லிஃப்ட் நின்றது என்று பணம் திரும்பக் கேட்க முடியாது; மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு அதற்காகத்தான்.

முதன்முதலாகப் பழகப் போகிறவர் முழு மலை டிக்கெட் வாங்கவே கூடாது. புதியவர் வகுப்போடு சேர்ந்து வரும் பழகுமிட டிக்கெட்டைக் கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: புகைப்பட அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு அட்டை. வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் தங்கள் நாட்டு உரிமத்தோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு மாதம் வரை ஓட்டலாம். சர்வதேச அனுமதியும் இருந்தால் வாடகை நிறுவனத்தில் பேச்சு குறையும்.

காப்பீட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒன்ராறியோவிலிருந்து வருகிறவர்கள் 'நம் மருத்துவ அட்டை போதும்' என்று நினைப்பார்கள். வேறு மாகாணத்தில் ஆம்புலன்ஸ் செலவை அது ஏற்காது. இங்கே வெளியாருக்குத் தரைவழி ஆம்புலன்ஸே 800 டாலருக்கு மேல்; ஹெலிகாப்டர் என்றால் மணிக்கு ஆயிரக்கணக்கில். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு விபத்து அடங்குமா என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல திட்டங்களில் அது விலக்கு.

9. அறிக்கைக்கேற்ற உடை

பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸும் பருத்திதான். நனைந்தால் காயாது. உறைநிலை 1,000-க்கு மேல் உள்ள நாளில் வெப்ப ஜாக்கெட்டைவிட நீர் புகாத மேலுடை முக்கியம். நீர்த்தடுப்பு அளவு 10,000 மி.மீ.யாவது இருக்கட்டும். இரண்டாவது ஜோடிக் கையுறையைப் பையில் போடுங்கள். பனிமூட்டம் என்று அறிக்கை சொன்னால் காகிள்ஸில் (பனிக் கண்ணாடி) மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு வில்லை. கறுப்பு வில்லையோடு போனால் மேடு பள்ளம் தெரியாது. நிற்கிறோமா நகர்கிறோமா என்பதே குழம்பும். மரங்கள் உள்ள தடத்தில் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

10. ஆபத்து எண்களும் இறங்கும் நேரமும்

பனிச்சரிவு அறிக்கையில் 1 முதல் 5 வரை படிகள் உண்டு. பனிச்சறுக்கு வளாகத்தின் எல்லைக்குள் திறந்திருக்கும் தடங்களை மலை நிர்வாகம் கவனித்துக்கொள்கிறது. அந்த எண் எல்லைக்கு வெளியே உள்ள மலைக்கானது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணாதீர்கள், மனிதர்கள் தூண்டிவிடும் சரிவுகளுக்கு அது போதுமான நிலை. எல்லைக் கயிற்றுக்கு அப்பால் யாருடைய தடம் தெரிந்தாலும் பின்தொடராதீர்கள்.

புதுப்பனி அதிகமான நாளில் எல்லைக்குள்ளேயே ஓர் ஆபத்து உண்டு: மர அடிக்குழி. ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் அடியைச் சுற்றித் தளர்ந்த பள்ளம் இருக்கும். தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. மரங்களுக்குள் புகாதீர்கள், குழந்தைகள் 'குறுக்கு வழி' என்று நுழைவதைத் தடுங்கள், கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும்.

நடுக்குளிர்காலத்தில் லிஃப்ட்கள் காலை 8:30-க்குத் தொடங்கி மாலை மூன்று மணியளவில் நிற்கத் தொடங்கும். கடைசி அரை மணியில் கிராமத்துக்கு இறங்கும் தடங்கள் நெரிசலும் வழுக்கலுமாக இருக்கும், கால்களும் களைத்திருக்கும். பருவத் தொடக்கத்தில் கீழே பனியே போதாமல் அந்தத் தடங்கள் மூடியிருக்கவும் கூடும். இரண்டரைக்கே கோண்டோலா வரிசையில் நில்லுங்கள். ஸ்கீயோடு கோண்டோலாவில் இறங்குவதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. பாதிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள்.